பெட்டி திறப்பதற்கு முந்தைய நொடி

இங்கே இரண்டு மூன்று பேர், "பிள்ளைக்கு கேம் ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். என் தம்பி விஷயத்தில் நான் பார்த்தது வேறு.

எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை. 2021-ல் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா கடன் வாங்கி அவனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, மேட்டில் சில்வர் ஓக் மரத்தடிப் பாறைக்குப் போனால்தான் கிடைக்கும். கேம் விளையாட முதலில் பகலில் போனான், அப்புறம் இரவிலும். அடுத்த ஜனவரியில் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்குப் படுக்கையில் ஆளைக் காணோம், அம்மாவும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனுக்கு இருபதடி கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு காட்டுமாடு. அது மூச்சு விடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை.

அம்மா அழுதாள். அப்பா போனைப் பூட்டி வைத்தார். மறுநாளே பக்கத்து வீட்டுப் பையன் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். "பிடிக்கலக்கா, ஆனா விட முடியல" என்று என்னிடம் சொன்னான், பொய் என்றுதான் நினைத்தேன்.

நான் விலங்கியல் படித்தவள், ஆனாலும் படித்ததை இவனோடு சேர்த்துப் பார்க்க ஒரு மாதம் ஆனது. திட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தேன். விளையாட்டில் பரிசுப் பெட்டி ஒன்று வரும். திறக்கப் போகும்போது கட்டைவிரல் திரைக்கு மேலே நிற்கும், மூச்சைப் பிடித்துக்கொள்வான், கண் விரியும். திறந்ததும் முகத்தில் ஒன்றுமே இருக்காது, நல்ல துப்பாக்கி வந்தால்கூட. விரல் அடுத்ததற்குப் போய்விடும்.

மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் பார்த்ததும் இதுதான். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்குக்கே துடிக்கும், சாறு வரும்போது சும்மா இருக்கும், வரவேண்டியது வராமல் போனால் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடும். எதில் என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டி என்றால் மூளை பழகி அடங்குவதற்கு வழியே இல்லை. தம்பி சொன்னதும் பொய்யில்லை. இன்னொரு மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் ஆய்வுகளில், டோபமைன் அநேகமாகத் தீர்ந்துபோன எலி, வாயில் விட்ட இனிப்பை ருசித்தது, ஆனால் தானாகத் தேடிப் போகவில்லை. வேண்டும் என்று இழுப்பது வேறு, பிடிப்பது வேறு.

"டோபமைன் டீடாக்ஸ்", அதாவது போன், கேம் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் விட்டு டோபமைனைக் குறைப்பது பற்றிக் கேட்டவருக்கு: டோபமைன் கழுவி வெளியேற்ற வேண்டிய நஞ்சு இல்லை, அதைச் சுரக்கும் செல்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் உடல் அசைய மறுக்கிறது. 1998-ல் லண்டனில் 8 ஆண்களை டாங்கி ஓட்டும் வீடியோ கேம் ஆடவைத்து ஸ்கேன் எடுத்தபோது டோபமைன் கூடியது, அதற்காக அந்த 8 பேரும் அடிமைகள் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு போய், மற்றதெல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கெடுதல் தெரிந்தும் தொடர்வது பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அது விளையாடுவதைக் கோளாறு என்கிறது.

நாங்கள் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். இரவு எட்டு மணிக்குப் போன் என் கைக்கு வந்துவிடும், காலையில் என்னோடு கொழுந்து பறிக்க வருவான், சாயந்திரம் ஃபுட்பால். முதல் மூன்று வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். இரண்டு முறை திருட்டுத்தனமாக விளையாடி மாட்டிக்கொண்டான், நாங்கள் அடிக்கவில்லை, தொடர்ந்தோம். மலையிலிருந்து இறங்க வசதியில்லாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம்தான்.

இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். போன வாரம் பஸ்ஸில் யாருடைய போனிலோ அந்த விளையாட்டின் தொடக்க இசை கேட்டது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், மடியில் இருந்த கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.