போட் ஓடுது, வேகம் இல்லை: எஞ்சினைப் பிரிக்க முன் இரண்டு எண் பாருங்கள்

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில், போட்டின் பின்னால் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் திருத்துவது என் தொழில். "போட் முந்திப்போல இழுக்குதில்லை அண்ணை" என்று வருகிற பலர், எஞ்சினைக் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுங்கள், நான் கடலுக்கு வருகிறேன். வேகம் எங்கே தொலைகிறது என்பதைப் பட்டறையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கடலில் பார்க்க வேண்டியது இரண்டு எண். முழுதாகத் திருகினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, போட் எத்தனை நொட் (மணிக்கு எத்தனை கடல்மைல்) ஓடுகிறது. பிளக் வயரில் சுற்றிவிட்டால் சுற்றைக் காட்டுகிற சின்ன மீற்றர் இருக்கிறது. வேகத்துக்குப் போனில் உள்ள ஜீபிஎஸ் போதும். ஆனால் போன வழியே திரும்பியும் ஓடி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். சோளகக் காற்று அடிக்கிற நாளில் ஒருவழி மட்டும் அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

சுற்று நன்றாக ஏறியும் வேகம் இல்லையென்றால் பிழை புரொப்பெல்லர் பக்கம். சுற்றும் ஏறவில்லை, வேகமும் இல்லை என்றால், ஒன்றில் எஞ்சினுக்குப் பலம் இல்லை, அல்லது போட் கனத்துப்போய் எஞ்சினை அமுக்குகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பிஸ்டனை வெளியே எடுப்பது வீண் செலவு.

மண்டைதீவுத் தம்பி ஒருவரின் 18 அடி பைபர் போட், 40 குதிரைவலு எஞ்சின். ஏற்கெனவே வேறோர் இடத்தில் பிஸ்டன் றிங் மாற்றிக் காசையும் கட்டிவிட்டு வந்திருந்தார். ஏறி ஓடிப் பார்த்தோம். பாதித் திறாட்டிலில் ஒரு குறையும் இல்லை. முழுதாகத் திருகினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, மூக்கு எழும்பவில்லை. மீற்றரில் 5,600. அந்த எஞ்சினின் கைநூல் எல்லை 5,500. ஜீபிஎஸ் 17 நொட்.

இங்கே ஒரு கணக்கு. சுற்றை கியர் விகிதத்தால் பிரித்து, புரொப்பெல்லரின் பிச் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னே போகிற தூரம்) அங்குலத்தால் பெருக்கி, 1,215 ஆல் பிரித்தால் வழுக்கலே இல்லாமல் ஓட வேண்டிய வேகம் நொட்டில் வரும். இந்த எஞ்சினின் கியர் 2க்கு 1, பிச் 13. ஆக 2,800 பெருக்கல் 13, அதை 1,215 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 30. தண்ணீரில் கொஞ்சம் வழுக்கும்தான். எழும்பி ஓடுகிற போட்டுக்கு நூற்றுக்கு 10 முதல் 20 வரை இழப்பு வழக்கம். 30க்கு 17 என்பது வழக்கம் இல்லை.

புரொப்பெல்லருக்கு நடுவே ஒரு றப்பர் புஷ் உண்டு. கல்லில் தட்டினால் கியர் பல்லு உடையாமல் அது சுழன்று கொடுக்கும். எங்கள் களப்பில் தண்ணீர் ஆழம் இல்லை, தரை தட்டித் தட்டியே அந்த றப்பர் விட்டுவிடும். உள்ளே உள்ள பித்தளையிலிருந்து வெளிப் பக்கம் வரை வெள்ளை பெயின்ரால் நேர்கோடு ஒன்று இழுத்துவிட்டு ஓடினோம். கரைக்கு வந்து பார்த்தால் கோடு இரண்டாக முறிந்து, ஒரு துண்டு இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. கழற்றியபோது உள்ளே கறுப்பு றப்பர்த் தூள். புஷ் மாற்றினோம், போட் எழும்பியது. அவர் முதலில் கட்டிய காசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

கோடு நகரவில்லையென்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே உள்ள தட்டு போட்டின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே நேரில் இருக்க வேண்டும். சாதாளை என்கிற கடற்புல் சுற்றியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

அனலைதீவிலிருந்து ஒரு பதில்:
எங்கட போட்டுக்கு இதற்கு நேர்மாறு. சுற்று 4,300க்கு மேல் ஏறவே இல்லை. எஞ்சின் பிழை என்று எல்லாரும் சொன்னார்கள். வேறு போட்டில் பூட்டினால் அதே எஞ்சின் பறக்கிறது. பிறகுதான் கவனித்தோம்: வெறும் போட்டாக நிற்கும்போதே பின்பக்க பெயின்ற் கோடு தண்ணீருக்குள் கிடக்கிறது. பின் பலகைக்குக் கீழே ஓட்டை போட்டோம். பின்னேரம் வரை தண்ணீர் வடிந்தது. உள்ளே மிதப்புக்கு அடைத்த நுரை முழுக்க ஊறிப்போயிருந்தது, கையால் பிழியப் பிழிய வந்தது. எஞ்சின் பூட்டும் ஆணித் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஊறியதை வெட்டி எடுத்து, காயவிட்டு, புது நுரை போட்டு மூடினோம். இப்போது சுற்றும் ஏறுகிறது, வேகமும் வந்துவிட்டது.

பாசையூரிலிருந்து:
எண்ணெய்ப் பக்கத்தையும் சொல்லுங்கள் அண்ணை. தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகாணி திறந்திருக்கிறதா என்று பார்க்காமலே பட்டறைக்குப் போகிறார்கள். முழு வேகத்தில் ஓடும்போது எண்ணெய்க் குழாயில் உள்ள றப்பர்க் குமிழை அமத்திப் பாருங்கள். அமத்த வேகம் கூடினால் எண்ணெய் ஒழுங்காக வரவில்லை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது பட்டது போதும், எண்ணெயை வீணாக எரிக்க எவருக்கும் வசதி இல்லை.

குருநகர்:
சரியாகச் சொன்னீர்கள். அதோடு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மண்ணிறமாகவும் மற்றது எண்ணெய் ஈரமாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. திறாட்டில் கேபிளையும் பாருங்கள். கைப்பிடி முழுதாகத் திருகியிருக்கும், ஆனால் கபரேற்றரின் தட்டு முழுதாகத் திறக்காது. அப்புறம், போட் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறதென்றால் அடியில் கையை விட்டுத் தடவுங்கள். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளர்கிற சின்னக் கடலுயிர்) பிடித்த அடி எந்த எஞ்சினையும் அமுக்கும்.

வேலணையிலிருந்து:
எங்கள் போட் வெறுமனே நன்றாக ஓடும். ஐஸ் பெட்டியும் வலையும் நான்கு பேரும் ஏறினால் சுற்று 4,600இல் நின்றுவிடுகிறது. எஞ்சினைப் பெரிதாக்கட்டா?

குருநகர்:
வேண்டாம் தம்பி. பிச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும். இப்போது 13 என்றால் தொழிலுக்கு 11 போட்டுப் பாருங்கள், 4,900 முதல் 5,000 வரை வரும். ஏற்ற வேண்டியதெல்லாம் ஏற்றிக்கொண்டு அளங்கள், வெறும் போட்டில் அளக்க வேண்டாம். 11ஐப் போட்டபடி வெறுமனே ஓடினால் முழுதாகத் திருகாதீர்கள், சுற்று எல்லை தாண்டும். பழைய 13ஐ விற்றுவிடாமல் போட்டிலேயே வைத்திருங்கள்.