மறு: கைனெட்டிக் ஸ்க்ரோலிங் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பிடிஎஃப் படிக்கிற செயலியோட உதவிப் பக்கத்தைத் தமிழாக்கிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமையோட பூட்டிருவாங்க, அப்புறம் மாத்த முடியாது. டச்பேட்ல விரலை எடுத்தப்புறமும் பக்கம் தானா ஓடி மெல்ல நிக்குதே, அதுக்கு என்ன போட? அது ஓடிட்டிருக்கும்போது கன்ட்ரோலை அமுக்கினா எழுத்து திடீர்னு பெருசாகுது, அந்தப் பிரச்சினையைத்தான் விளக்கணும். இப்போதைக்கு "இயக்க உருட்டல்". எனக்கே பிடிக்கல.

---

பாடநூல்ல இனெர்ஷியா நிலைமம்தானே தம்பி? "நிலைம உருட்டல்" போடுங்க.

---

நிலைமம் எண்டா இலங்கையில எங்கட பிள்ளையளுக்கு விளங்காது, இஞ்ச அது சடத்துவம்.

---

> இஞ்ச அது சடத்துவம்

அப்ப ரெண்டு பக்கமும் இருக்கிற உந்தம் (மொமென்டம்) எடுத்துக்கலாமே. அதை விட, உருட்டலா உருளலான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. உருட்டு பிறவினை, உருள் தன்வினை. "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி"ன்னு வள்ளுவர் (667) வினைத்தொகையா வெச்சிருக்கார், உருண்ட தேர் உருள்கின்ற தேர் உருளும் தேர் மூணும் அதுக்குள்ள. உருளி, உருளை, உருண்டை எல்லாம் இதே வேர், கடல் தாண்டி வந்த கிழங்குக்கே உருளைன்னு பேர் வெச்சவங்க நாம

---

ஐயா கிழங்கை விடுங்க :) இப்ப உருட்டுன்னாலே பசங்களுக்குப் புளுகுதான். மெனுவுல "உருட்டல் அமைப்புகள்" பாத்து என் வகுப்பே சிரிச்சுது. ஸ்க்ரோல்னே விட்டுட்டா என்ன குறைஞ்சு போகுது?

---

அப்ப இந்தக் குழு எதுக்கு? வட்டார வழக்கு அஞ்சு வருசத்துல மாறிரும், சொல் நிக்கும்.

---

சண்டைக்கு நடுவுல ஒண்ணு. தன்வினை பிறவினை சும்மா இலக்கணம் இல்ல, பழுதே அங்கதான். லினக்ஸ்ல டச்பேடை இயக்குற பழைய மென்பொருளான சினாப்டிக்ஸ் டிரைவர், விரல் எடுத்தப்புறமும் ஸ்க்ரோல் நிகழ்வுகளைத் தானே அனுப்பிட்டிருக்கும், அது விரலா இல்ல மிச்ச ஓட்டமான்னு செயலிக்குத் தெரியாது, அதனால கன்ட்ரோல் பட்டதும் ஜூம்னு எடுத்துக்கும். அதுக்கு அப்புறம் வந்த லிப்இன்புட் டிரைவர் அப்படி இல்ல, விரல் எடுத்ததும் முடிஞ்சுதுன்னு ஒரு சேதி, அவ்வளவுதான், அதுக்கு மேல ஓடணுமா வேணாமாங்கிறது செயலி பாடு. அதனால உதவிப் பக்கத்துல முதல்ல எந்த டிரைவர்னு பாக்கச் சொல்லுங்க. விரல் இருக்கிறவரை உருட்டல், எடுத்தப்புறம் உந்த உருளல். ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா படிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது.

---

அப்படியே நேச்சுரல் ஸ்க்ரோலிங்குக்கும் சொல்லிருங்க. 2011ல மேக் லயன்ல ஆப்பிள், விரல் போற திசையிலயே பக்கமும் போற மாதிரி மாத்தி அதையே இயல்பா வெச்சப்ப வந்த பேரு. "இயற்கை உருட்டல்" இயற்கை விவசாயம் மாதிரி இருக்கு.

---

நேர்த்திசை?

---

எது நேர்? விரல் போற திசையில பக்கம் போறதா, ஓரத்து ஸ்க்ரோல் பட்டை போறதா? இதுக்குத் தனி இழை தொடங்குங்கப்பா.

---

சரி, மறுப்பு பெருசா வரல, "உந்த உருளல்" ஏத்திட்டேன். நேச்சுரலை அப்படியே விட்டிருக்கேன்.

---

ஏத்த முன்னம் ஒருக்கா கேட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்தில "உந்த" எண்டா சுட்டு, உங்களுக்குப் பக்கத்தில கிடக்கிற சாமான். "உந்த உருளலை நிறுத்து" எண்டு மெனுவில வந்தா "எந்த உருளல்?" எண்டுதான் கேப்பினம். உந்துருளல் எண்டாவது சேத்து எழுதுங்கோ.

---

பூட்டியாச்சு அண்ணா. அடுத்த பதிப்புல பாப்போம்.