ஸ்டாக் படங்களின் பிரிவியூ திருட்டு: மூலையில் வாட்டர்மார்க் போட்டும் நிற்கவில்லை, வேறு என்ன செய்யலாம்?

ஒளிக்கீற்று (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. என் படங்களை இரண்டு ஸ்டாக் ஏஜென்சிகளிலும் (படங்களுக்கு உரிமம் விற்றுத் தரும் நிறுவனங்கள்), வேர்ட்பிரஸில் கட்டிய சொந்தத் தளத்திலும் விற்கிறேன். தளத்தில் பிரிவியூவின், அதாவது வாங்குமுன் பார்க்கும் மாதிரிப் படத்தின், நீளப் பக்கம் 1600 பிக்சல், ஜேபெக் தரம் 85. வலது கீழ் மூலையில் பெயரும் லோகோவும் வெள்ளை எழுத்தில் இருக்கும். ரைட் கிளிக்கை ஒரு பிளகின் வைத்து முடக்கியிருக்கிறேன்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பக்கத்திலும் சில செய்தித் தளங்களிலும் என் படங்கள் அனுமதியில்லாமல் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மூலையை வெட்டியிருக்கிறார்கள். சிலவற்றில் வாட்டர்மார்க்கின் சுவடே இல்லை, அளவும் நான் காட்டும் பிரிவியூவைவிடப் பெரியது. அது எப்படி வெளியே போனது என்று பிடிபடவில்லை.

வாங்க வரும் டிசைனருக்குப் படம் தெளிவாகத் தெரியவும் வேண்டும். அளவு, தரம், வாட்டர்மார்க் எப்படி வைப்பது? திருட்டைக் கண்டுபிடித்தால் முதலில் யாருக்கு எழுதுவது?

கம்பிவடம்

பிரிவியூவைவிடப் பெரிய படம் வெளியே இருக்கிறது என்றால், பெரும்பாலும் அங்கே யாரும் வாட்டர்மார்க்கை அழித்திருக்க மாட்டார்கள். உங்கள் ஒரிஜினலையே எடுத்திருப்பார்கள். முதலில் அந்த ஓட்டையை அடையுங்கள், வாட்டர்மார்க்கை அப்புறம் பார்க்கலாம்.

வேர்ட்பிரஸ் 5.3 முதல், 2560 பிக்சலைத் தாண்டிய படத்தை ஏற்றினால் அதைச் சுருக்கி, பெயரின் கடைசியில் ‘-ஸ்கேல்டு’ என்று சேர்த்து வைக்கும். நீங்கள் ஏற்றிய முழு ஃபைல் அழியாது. அதே அப்லோட்ஸ் ஃபோல்டரில், அந்த ஒட்டு இல்லாத பெயரில் அப்படியே கிடக்கும். பிரவுசர் முகவரியில் அந்த ஒரு சொல்லை நீக்கி என்டர் தட்டினால் முழு அளவு படம் வந்துவிடும். ‘-1024×683’ மாதிரி அளவு ஒட்டுகளை நீக்கினாலும் இதேதான் நடக்கும். பெயரை ஊகிக்கக்கூட வேண்டாம்: ரெஸ்ட் ஏபிஐயில் (மற்ற நிரல்கள் தளத்தின் தகவலைக் கேட்டு வாங்கும் வழி) மீடியா பட்டியலைக் கேட்டால், லாகின் எதுவும் இல்லாமலே ஒவ்வொரு படத்தின் முகவரியும், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒரிஜினல் ஃபைலின் பெயரும் வரிசையாக வரும். பக்கத்தின் ஓஜி இமேஜ் டேக் (சமூக ஊடகத்தில் பகிரும்போது காட்டும் படம்), இமேஜ் சைட்மேப் (தேடுபொறிக்குத் தரும் படப் பட்டியல்) இரண்டிலும் எந்த அளவு படத்தின் முகவரி போயிருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒரிஜினல்கள் மீடியா லைப்ரரிக்குள் போகவே கூடாது. வெப் ரூட்டுக்கு (இணையத்திலிருந்து திறக்கக்கூடிய ஃபோல்டர்) வெளியே ஒரு ஃபோல்டரில் வையுங்கள், அல்லது அமேசான் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பில், பொதுவில் திறக்காத பிரைவேட் பக்கெட்டில் வையுங்கள். பணம் கட்டியவருக்கு மட்டும் காலக்கெடு உள்ள சைன்டு லிங்க் போகட்டும். எஸ்3-இல் அதிகபட்சம் 7 நாள் வைக்கலாம். 1 மணி நேரமே தாராளம், தீர்ந்துபோனால் கணக்குப் பக்கத்தில் புதிது எடுத்துக்கொள்வார்கள். பிரிவியூவை உங்கள் கணினியிலேயே தயாரித்து, அதை மட்டும் வேர்ட்பிரஸில் ஏற்றுங்கள்.

ஏற்கெனவே ஏறியவற்றை சர்வரில் அழித்தால் மட்டும் போதாது. சிடிஎன் (படங்களின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்து வேகமாகத் தரும் சேவை) கேஷில் பழைய பிரதி நிற்கும், அதை பர்ஜ் செய்து நீக்குங்கள். பழைய முகவரிகளுக்கு 410 பதில் போகும்படி வைத்தால், தேடுபொறிகள் படம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளும். புதிய பிரிவியூக்களுக்கு ஒரிஜினலின் பெயரோடு தொடர்பில்லாத, ஊகிக்க முடியாத பெயர் வையுங்கள்.

ரைட் கிளிக் பிளகினை எடுத்துவிடலாம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்தாலே படம் அங்கே இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டை எதுவும் தடுக்காது. நாலு படங்களைப் புது டேபில் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் வாங்குபவருக்குத்தான் அது இடைஞ்சல். அதே மாதிரி, வாட்டர்மார்க்கை சிஎஸ்எஸ் வைத்துப் படத்தின் மேல் மிதக்கவிடும் தீம்களும் வேண்டாம். அடியில் இருப்பது சுத்தமான படம். குறி பிக்சலுக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும்.

வேறு தளம் படத்தை உங்கள் சர்வரிலிருந்தே நேராகக் காட்டுவதை நிறுத்தும் ஹாட்லிங்க் தடுப்பு வைக்கலாம், ஆனால் அது உங்கள் பேண்ட்வித்தைத்தான் காக்கும். இறக்கி வேறு இடத்தில் ஏற்றுபவரை ஒன்றும் செய்யாது. வைக்கும்போது ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற தகவல்) காலியாக வரும் கோரிக்கைகளை அனுமதியுங்கள். தேடுபொறியின் பாட்டும் (தானாகப் பக்கங்களைப் படிக்கும் நிரல்), பிரைவசி அமைப்பு வைத்த சாதாரண வாசகரும் அப்படித்தான் வருவார்கள். அதை அடைத்தால் இமேஜ் தேடலிலிருந்தே உங்கள் படங்கள் காணாமல் போகும்.

வெள்ளித்திரை_ரீடச்

அளவும் குறியும் பற்றி.

நீளப் பக்கம் 800 பிக்சல், தரம் 60 முதல் 65. டிசைனர் லேஅவுட்டில் வைத்துப் பார்க்க இது போதும். தரத்தைக் குறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ஏஐ அப்ஸ்கேலர்கள் இப்போது 800 பிக்சலையும் பெரிதாக்கிவிடும், ஆனால் ஜேபெக் கட்டங்கள் நிறைந்த படத்தில் அவை முடியையும் துணியின் நெசவையும் தப்பாகக் கற்பனை செய்யும். கூர்மையைக் காட்ட வேண்டுமென்றால், படத்தின் முக்கியப் பகுதியிலிருந்து 300 பிக்சல் சதுரத்தை 100 சதவீத அளவில் வெட்டித் தனியாக வையுங்கள். அதன் மேலும் குறி வேண்டும்.

மூலைக் குறியைச் சுலபமாக வெட்டிவிடலாம். அதே நேரம் நடுவில் ஒரே மாதிரி குறியை எல்லாப் படத்திலும் அச்சு மாறாமல் பதிப்பதும் ஆபத்து. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே வாட்டர்மார்க் உள்ள நிறையப் படங்களைச் சேர்த்து, அவற்றின் விளிம்பு மாற்றங்களின் மீடியனை (வரிசையில் நடு மதிப்பு) எடுத்தால், படங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்து குறி மட்டும் மிஞ்சும். குறியும் அதன் ஒளிபுகு அளவும் தெரிந்துவிட்டால், எல்லாப் படத்திலிருந்தும் கழித்துவிடலாம். குறியை இடம் மாற்றி வைப்பதோ, ஒபாசிட்டியை (குறி எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பது) படத்துக்குப் படம் மாற்றுவதோ இதைத் தடுக்கவில்லை. குறியின் வடிவத்தையே ஒவ்வொரு படத்திலும் லேசாக வளைத்தபோதுதான் சுத்தமாகக் கழிக்க முடியாமல் கோடுகள் மிஞ்சின. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவே போதும்.

கட்டளைகளால் படங்களை மொத்தமாக மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் வரிசை இப்படி: முதலில் படத்தை 800-க்குச் சுருக்கி, அதன் பிறகு குறியைப் பதிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மெல்லிய கோடுகள் சுருங்கி மங்கிவிடும். குறி பிஎன்ஜியைப் படத்துக்குப் படம் 3 டிகிரிக்குள் சுழற்றி, 3 சதவீதத்துக்குள் பெரிதோ சிறிதோ ஆக்கி, 2 முதல் 4 பிக்சல் உயர அலையால் வளைத்து, பிறகு 30 முதல் 40 சதவீத ஒபாசிட்டியில் சேர்க்கவும். எழுத்துக்கு வெள்ளை உடலும் கறுப்பு ஓரமும் கொடுத்தால் வெளிறிய வானத்திலும் இருட்டிலும் தெரியும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று: சுழற்சியையும் வளைவையும் தீர்மானிக்கும் ரேண்டம் எண் படத்துக்குப் படம் மாற வேண்டும், ஆனால் ஒரே படத்துக்கு என்றைக்கும் மாறக் கூடாது. பிரிவியூவை ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்கித் தரும் ஸ்கிரிப்ட் வைத்தால், ஒருவர் அதே படத்தைப் பத்து முறை இறக்கி, பத்தையும் அடுக்கி, பிக்சல்வாரியாக மீடியன் எடுப்பார். ஒவ்வொன்றிலும் குறி வேறு இடத்தில் இருப்பதால் அது மறைந்து சுத்தமான படம் கிடைத்துவிடும். படத்தின் ஐடியையே ரேண்டம் சீடாக (ரேண்டம் எண்ணின் தொடக்க மதிப்பாக) கொடுங்கள். எத்தனை தடவை உருவாக்கினாலும் அதே வளைவு வரும்.

குறி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். வெறும் வானம், சுவர், மங்கலான பின்னணி மேல் இருந்தால் அழித்த இடத்தைச் சுற்றுப்புறம் பார்த்து நிரப்பும் இன்பெயின்டிங் கருவி ஒரு நொடியில் நிரப்பிவிடும். முகத்தின் ஓரம், கை விரல்கள், பூ வேலைப்பாடு போன்ற இடங்களைக் கோடு குறுக்கே வெட்ட வேண்டும். அங்கே நிரப்பினால் விரல் கோணலாகும், வேலைப்பாடு குழம்பும், விற்பனைக்கு உதவாது. கண்களை மட்டும் மறைக்காதீர்கள், வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பொறுமையும் நல்ல கருவியும் உள்ள ஒருவரை ஒற்றைப் படத்தில் எந்தக் குறியும் நிறுத்தாது. மொத்தமாக அள்ளுவதை நிறுத்தும், அழித்தவர் தெரிந்தே அழித்தார் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

ஐபிடிசி_பிரியன்

மேலே சொன்னவற்றோடு மெட்டாடேட்டாவையும், அதாவது ஃபைலுக்குள்ளேயே பதியும் உரிமை விவரங்களையும், சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் இமேஜஸில் 2020 ஆகஸ்ட் முதல் ‘லைசன்ஸபிள்’ அடையாளம் காட்டுகிறார்கள். அதற்கு ஐபிடிசி என்ற மெட்டாடேட்டா வகையில் ‘வெப் ஸ்டேட்மென்ட் ஆஃப் ரைட்ஸ்’ புலத்தில் உங்கள் உரிம விதிகள் உள்ள பக்கத்தின் முகவரி இருக்க வேண்டும். ‘லைசன்சார் யூஆர்எல்’ புலத்தில் அந்தப் படத்தை வாங்கும் பக்கத்தைக் கொடுங்கள். கிரியேட்டர், காப்பிரைட் நோட்டீஸ், கிரெடிட் லைன் மூன்றையும் நிரப்புங்கள். பக்கத்தின் ஸ்ட்ரக்சர்டு டேட்டா (தேடுபொறி படிப்பதற்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் குறிப்பு) வழியாகவும் இதைச் சொல்லலாம், ஆனால் படம் வருகிற ஒவ்வொரு பக்கத்திலும் எழுத வேண்டும். ஐபிடிசி ஃபைலோடு பயணிக்கும்.

சிக்கல் என்னவென்றால் வழியிலேயே இது உதிர்ந்துவிடும். வேர்ட்பிரஸ் சிறிய அளவுகளை உருவாக்கும்போது ஹோஸ்டிங்கில் இமேஜிக் என்ற பட நிரல் இருந்தால் ஐபிடிசி, எக்ஸிஃப், எக்ஸ்எம்பி ஆகிய மெட்டாடேட்டா வகைகள் தங்கும். ஜிடி என்ற இன்னொரு பட நிரல் மட்டும் இருந்தால் எல்லாம் போய்விடும். இமேஜ்மேஜிக் கட்டளையில் ‘ஸ்ட்ரிப்’ போட்டாலும் போகும். படத்தைச் சுருக்கும் பிளகின்களும் சிடிஎன் ஆப்டிமைசர்களும் முதலில் வெட்டுவது மெட்டாடேட்டாவைத்தான். உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருப்பதைப் பார்த்து நம்பாதீர்கள். லைவ் தளத்திலிருந்து ஒரு பிரிவியூவை இறக்கி, மெட்டாடேட்டாவைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் திறந்து பாருங்கள்.

ஏஐ பயிற்சிக்கு எடுப்பதைப் பற்றி ஒரு வரி: எந்த பாட் உள்ளே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஜிபிடிபாட், சிசிபாட் ஆகிய இரண்டு பாட்டுகளையும் மறுக்கலாம். அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. கேட்டு நடக்கும் பாட்டுகளையாவது நிறுத்தும் என்பதால் செய்வது நல்லது.

ஒளிக்கீற்று

கம்பிவடம் சார், நீங்கள் சொன்னது போலவே முகவரியில் அந்தச் சொல்லை நீக்கிப் பார்த்தேன், ஒரிஜினல் வந்துவிட்டது. ஓட்டை அதுதான். எல்லோருக்கும் நன்றி. திருடியவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸ் பற்றி யாராவது சொல்ல முடியுமா? நான் இருப்பது இந்தியாவில், திருடிய தளங்களில் சில அமெரிக்க சர்வரில் இருக்கின்றன.

உரிமைக்குறிப்பு

நோட்டீஸுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் படங்கள் ஏஜென்சியிலும் இருப்பதால், அந்த நிறுவனம் அங்கே முறையாக வாங்கியிருக்கலாம். வாங்கியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. படத்தின் ஐடியையும் பக்கத்தின் முகவரியையும் ஏஜென்சிக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். தெரிந்தே பொய்யான நோட்டீஸ் கொடுத்தால் அமெரிக்க காப்பிரைட் சட்டத்தின் 512(எஃப்) பிரிவில் நீங்களே நஷ்டஈடு கட்ட நேரிடும்.

அடுத்து ஆதாரம், யாருக்கும் எழுதுவதற்கு முன்பே. முகவரியும் தேதியும் தெரியும் முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட், படத்தின் நேரடி முகவரி, வலைப்பக்கங்களின் பிரதியைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் ஒரு பதிவு. உங்கள் பக்கம் கேமராவின் ரா ஃபைலும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களும். எடுத்தவர் நீங்கள்தான் என்பதற்கு அந்த ஃப்ரேம்கள் வலுவான சாட்சி. வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்க்க, படத்தை வைத்துத் தேடும் டின்ஐ தளத்தில் முடிவுகளை அளவுவாரியாக அடுக்குங்கள். உங்கள் பிரிவியூவைவிடப் பெரியது மேலே வந்தால், அது கசிந்த ஒரிஜினலாக இருக்கலாம்.

சுற்றுலா நிறுவனம் மாதிரி வணிகத் தளத்துக்கு நேராக நீக்கச் சொல்லி எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பயன்படுத்திய காலத்துக்கான உரிமக் கட்டண இன்வாய்ஸை, ஆதாரத்தோடு, 14 நாள் கெடு வைத்து அனுப்புங்கள். நீக்கிவிட்டாலும் பயன்படுத்திய காலத்துக்குக் கட்டணம் உண்டு என்று அதிலேயே எழுதிவிடுங்கள். ஆள் யாரென்றே தெரியாத தளங்களுக்கு நேராக ஹோஸ்டிடம் (தளத்தைத் தாங்கும் சர்வர் நிறுவனம்) போங்கள்.

அமெரிக்க ஹோஸ்டுக்கு டிஎம்சிஏ (அமெரிக்க டிஜிட்டல் காப்பிரைட் சட்டம்) நோட்டீஸ். அதில் உங்கள் படத்தின் அடையாளம், மீறலின் துல்லியமான முகவரி, உங்கள் தொடர்பு விவரம், நல்லெண்ண உறுதிமொழி, சொன்னவை சரியானவை என்றும், பொய்யானால் தண்டனைக்குரியது என்று தெரிந்தே உரிமையாளராக எழுதுகிறேன் என்றும் ஒரு வாக்குமூலம், கையொப்பம் இருக்க வேண்டும். முகப்புப் பக்க முகவரியை மட்டும் கொடுத்தால் திரும்பி வரும். படத்தைப் போட்டவரிடமிருந்து எதிர் நோட்டீஸ் வந்து, நீங்கள் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்ப ஏறும். அங்கே சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடு வேண்டுமென்றால் மீறலுக்கு முன்போ, முதலில் வெளியான 3 மாதத்துக்குள்ளோ அமெரிக்க காப்பிரைட் ஆபிஸில் பதிந்திருக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் 750 படங்கள் வரை பதியலாம். பெயரையோ குறியையோ வேண்டுமென்றே அழித்ததற்கு அதே அமெரிக்க காப்பிரைட் சட்டத்தின் 1202-ஆம் பிரிவு தனி: மீறலுக்கு 2,500 முதல் 25,000 டாலர் வரை.

இந்தியாவில் உரிமைக்குப் பதிவு அவசியமில்லை. இந்திய காப்பிரைட் சட்டத்தின் 52(1)(சி) பிரிவு, 2013 காப்பிரைட் விதிகளின் 75-ஆம் விதிப்படி ஹோஸ்டிடம் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வருவேன் என்று புகாரிலேயே உறுதி தர வேண்டும். வராவிட்டால் படம் திரும்பலாம். ஆகவே ஹோஸ்ட் அமெரிக்காவில் இருந்தால் டிஎம்சிஏ வழியே சுலபம். உரிமைத் தகவலைத் தெரிந்தே அழிப்பது இந்தியச் சட்டத்தின் 65பி பிரிவில் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இன்வாய்ஸ் கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

வெள்ளித்திரை_ரீடச்

ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு ஏஜென்சிகளிலும் தளத்திலும் ஒரே படம் இருக்கிறது என்றீர்கள். மூன்று இடத்திலும் குறி வேறு வேறு இடத்தில் விழும். ஒன்றில் மறைந்த பகுதி இன்னொன்றில் சுத்தமாக இருக்கும், அடுக்கி ஒட்டினால் முழுப் படம். ஏஜென்சியின் குறி உங்கள் கையில் இல்லை. உங்கள் தளத்தில் அதே படத்தின் பிரிவியூவைச் சற்றே வேறு கிராப்பில், வேறு கலர் டோனில் வைத்தால் ஒட்டு வேலை கடினமாகும். நன்றாக விற்கும் படங்களை ஒரே இடத்தில் மட்டும் வைப்பதுதான் முழுத் தீர்வு.

கேலரிப் பக்கத்தின் தம்ப்நெய்லையும் (சிறு படம்) மறக்க வேண்டாம். பெரிய பிரிவியூவில் குறியைப் பதித்துவிட்டு, 400 பிக்சல் தம்ப்நெய்லை வெறுமையாக விடும் தளங்கள் நிறைய. வலைப்பதிவுக்குத் திருடுபவருக்கு அதுவே போதும். 200 பிக்சலுக்கு மேல் எதுவும் குறியில்லாமல் வெளியே போகக் கூடாது.