அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ‘நியாம்’ இல்லை, நீவ்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் பெண் பெயர் உங்கள் மின்னஞ்சலில் வந்து நிற்கும்: என், ஐ, ஏ, எம், எச். நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘நியாம்’ என்று வாசித்துவிடுகிறார்கள். சொல்ல வேண்டியது ‘நீவ்’. ஐரிஷ் மொழி பேசுபவர்கள் சிலர் ‘நீஅவ்’ என்று சற்று இழுப்பார்கள், அதுவும் சரிதான். தவறாகச் சொன்னால் பெரும்பாலும் யாரும் திருத்த மாட்டார்கள், சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் தவறு மாதக்கணக்கில் அப்படியே ஓடும். “உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். யாருக்கும் மனம் கோணாது. உள்ளூர்க்காரர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுண்டு.

எம்மும் எச்சும் சேர்ந்து எப்படி ‘வ்’ ஆயின? பழைய ஐரிஷ் எழுத்துமுறையில் மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரை நீக்குகிறது. அவர்கள் புள்ளி ஒலியைத் தளர்த்துகிறது, ‘ம’ போய் ‘வ’ வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சு ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளியின் இடத்தை எச் பிடித்துக்கொண்டது. பி-க்குப் (B) பின்னால் எச் வந்தாலும் இதே கதைதான். எஸ்ஸுக்கு அடுத்து ஐ அல்லது ஈ இருந்தால் ‘ஷ’. இவ்வளவு தெரிந்தாலே ஷிவான், ஷினேட், கீவா போன்ற பெயர்கள் எல்லாம் பிடிபடும். ஜி-யோடு ஒட்டிய எச் பல இடங்களில் வாயே திறக்காது: டப்ளின் பஸ் பலகையில் எட்டு எழுத்தாக நீளும் டாலா என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள்.

குழந்தையை ஐரிஷ் வழிப் பள்ளியில் சேர்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். அங்கே கூப்பிடும்போது பெயரே மாறும். மாரா என்ற பெண்ணை ‘அ வாரா’ என்று அழைப்பார்கள். நம் எட்டாம் வேற்றுமை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நீவ் மட்டும் எழுத்து மாறாமல் தப்பித்துக்கொள்கிறாள்.

பெயரின் பொருள் ஒளி, பிரகாசம். ஆனால் ஐரிஷ்காரர்களுக்கு அதைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது பொற்கூந்தல் நீவின் கதை. கடல் தெய்வமான மனனானின் மகள். கில்லார்னிப் பக்கம் லேன் ஏரிக்கரைக்கு வெள்ளைக் குதிரையில் வந்து, வீரன் ஃபின்னின் மகன் ஆஷீனை முதுமையே இல்லாத டீர் நா நோக் நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். சில காலம் கழித்து அவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிடுகிறது. “போய் வா, குதிரையை விட்டு மட்டும் இறங்காதே” என்கிறாள். வந்து பார்த்தால் இங்கே முந்நூறு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. தந்தையும் இல்லை, தோழர்களும் இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் சிலர் பெரிய கல்லைத் தூக்கத் திணறுவதைக் கண்டு, குதிரைமேல் இருந்தபடியே குனிந்து கை கொடுக்கிறான். சேணவார் அறுகிறது. மண்ணைத் தொட்டதும் தொண்டு கிழவன். அந்தப் பள்ளத்தாக்கு கிளெனஸ்மோல் என்பார்கள். டாலாவுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு நடக்க நல்ல இடம்.

இன்று பரவலாக அறியப்படும் கதைவடிவம் 1750 வாக்கில் கிளேர் பகுதிக் கவிஞர் மிஹால் கோமீன் பாடியது. 1889இல் கவிஞர் யேட்ஸ் அதை ஆங்கிலத்தில் நீண்ட கவிதையாக்கினார். இவ்வளவு பழைய பெயரானாலும், பெண் குழந்தைகளுக்குப் பரவலாகச் சூட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான், ஐரிஷ் மொழி மறுமலர்ச்சியை ஒட்டித்தான் வந்தது. 1945இல் பிறந்த நீவ் வ்ரானக் கல்வி அமைச்சரானார். 1990களின் நடுவில் இளநிலைப் பட்டப்படிப்புக் கட்டணம் நீங்கியது அவர் காலத்தில்தான். (அந்தச் சலுகைக்குக் குடியுரிமை, வசிப்பிட நிபந்தனைகள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்தவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.) 1993 யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றவர் நீவ் காவனா.

1990களின் இறுதியில் இது நாட்டின் முதல் பத்துப் பெண் பெயர்களுக்குள் இருந்தது. 2000களில் இங்கிலாந்தின் முதல் நூறிலும் இடம்பிடித்தது. பிறகு இறங்கிவிட்டது. 2021இல் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது ஃபீயா. ஆகவே நீங்கள் சந்திக்கப்போகும் நீவ்கள் பெரும்பாலும் மேலாளர், செவிலியர், உங்கள் குழந்தையின் ஆசிரியை. குழந்தையின் வகுப்பில் ஃபீயாக்களே அதிகம் இருப்பார்கள்.

மகளுக்கு இந்தப் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. வாயில் நுழையும், சின்னதாக இருக்கிறது. கிரானியா, ஷினேட் போன்றவற்றில் உயிரெழுத்தின்மேல் வரும் சாய்கோடு இதில் இல்லை; கடவுச்சீட்டில் இயந்திரம் படிக்கும் வரியில் அந்தக் கோடு எப்படியும் விழுந்துவிடும். ஊரில் உள்ள தாத்தா பாட்டிக்குத் தமிழில் ‘நீவ்’ என்றே எழுதி அனுப்புங்கள். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் அடுத்த நாளே உறவினர் அத்தனை பேரும் நியாம் என்று வாழ்த்துவார்கள். பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஐரிஷ் பெயர் வைத்ததாலோ இங்கே பிறந்ததாலோ மட்டும் குடியுரிமை தானாக வராது. 2005 முதல், பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால் பொதுவாகப் பிறப்புக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அவர்களில் ஒருவர் மூன்று ஆண்டுகள் இங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும். மாணவர் அனுமதியில் இருந்த காலம் அதில் சேராது.