ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: கல்விக் கடன் எந்த வழியாக நுழைகிறது?

அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸ் கிடையாது என்ற ஒரு வரியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு அவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே பாருங்கள். கமிஷன் வாங்கும் ஏஜென்ட் தனியார் கல்லூரிப் பக்கம்தான் தள்ளுவார்.

—

ஃபீஸைவிடப் பெரிய பொறி பிளாக்டு அக்கவுண்ட், அதாவது மாசா மாசம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடியற பூட்டின கணக்கு. விசாவுக்கு அதில் ஒரு வருஷச் செலவா 11,904 யூரோ போட்டுக் காட்டணும். அது செலவு இல்லை, உங்க பணம்தான், மாசம் 992 யூரோவா திரும்ப வரும். ஆனா அதுக்குக் கடன் வாங்கினா, பூட்டிக் கிடக்கிற பணத்துக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஜெர்மனியில் வசிக்கிற, போதிய வருமானம் உள்ள உறவினர் இருந்தா, அவர் அங்க உள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் கொடுக்கலாம். அது இருந்தா பிளாக்டு அக்கவுண்ட் தேவைப்படாது. ஆனா கேட்கும்போது ஒளிக்காம சொல்லுங்க: உங்களுக்கு அரசு உதவி செலவாச்சுன்னா அவர்கிட்டதான் வசூலிப்பாங்க.

இன்னொண்ணு, முதல் மாசம். 992 வரணும்னா வங்கிக் கணக்கு வேணும். பல வங்கிகள் முகவரிப் பதிவுத் தாள் கேட்கும். அந்தப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். வீட்டுக்கு மூணு மாச வாடகை வரைக்கும் அட்வான்ஸ் கேட்பாங்க. இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் பூட்டின பணம் வெளியே வராது. கைமாத்துக்கு ஆள் தேடுறது இந்த இடத்துலதான். பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு வெளியே அட்வான்ஸும் ரெண்டு மாசச் செலவும் தனியா வைங்க.

—

மேலே சொன்னதோடு பகுதிநேர வேலைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி (2024 மார்ச் முதல்). நாள் கணக்குக்குப் பதில் வாரக் கணக்கும் உண்டு: வாரம் 20 மணி நேரம் வரை இரண்டரை நாளாகத்தான் எண்ணுவார்கள். 52 வாரமும் உழைத்தாலும் 130 நாள்தான். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் 'ஹிவி' உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது.

2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி என்றால் 278, மாதம் சுமார் 1,200. ஓய்வூதியப் பிடித்தம் 9.3% போக ஏறக்குறைய 1,090 கைக்கு வரும். வகுப்பு நடக்கும் காலத்தில் 20 மணியைத் தாண்டினால் மாணவர் சலுகை போய் முழுக் காப்பீட்டுப் பிடித்தமும் விழும். முதல் செமஸ்டரில் இந்த வருமானத்தை நம்பவே வேண்டாம். ஐடி தவிர்த்த துறைகளில் ஜெர்மன் மொழியில் பி1, பி2 (இடைநிலைத் தேர்ச்சி) இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது கடினம். மொழி வகுப்பை ஊரிலேயே முடியுங்கள், அங்கே போய்ப் படிக்க நேரம் இருக்காது.

—

'டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம்' என்ற உதவித்தொகையையும் மறக்காதீர்கள்! மாதம் 300 யூரோ, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. பல்கலைக்கழகமே தேர்ந்தெடுக்கிறது, கடைசித் தேதி ஒவ்வொன்றுக்கும் வேறு. சேர்ந்த வாரமே விசாரியுங்கள்.

30 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் கிடைக்காது. மாதச் செலவுக் கணக்கை அதற்கேற்ப ஏற்றிப் போடுங்கள்.