ஜேக்கப்ஸ் லேடர் இறக்கத்தில் ஷூ வழுக்குகிறது, மாற்று வழி உண்டா?

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஓடுபவர்கள் சொல்லுங்கள். ஈடேல் ஸ்டேஷனில் கிளம்பி, கிரைண்ட்ஸ்புரூக் ஓடையோரம் ஏறி, கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பைப் பிடித்து, ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல் படிப் பாதையில் இறங்கி, அப்பர் பூத் வழியாகத் திரும்பும் சுற்று. சுமார் 13 கி.மீ.

மேலே கணுக்கால் புதையும் கறுப்புச் சேறு. அதற்கு அடியில் 8 மி.மீ. ரப்பர் பல் உள்ள ஷூ கச்சிதம். சிக்கல் இறக்கத்தில்தான். நனைந்த கல் படியில் பல்லின் நுனி மட்டும்தான் படுகிறது; ரப்பர் மடங்கி, குதிகால் சர்ரென்று முன்னால் போகிறது. அக்டோபரிலிருந்து இப்படித்தான். காய்ந்த நாளில் அதே கல் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும்.

4 மி.மீ. ஷூ போட்டுப் பார்த்தாயிற்று: கல்லில் பரவாயில்லை, சேற்றில் நின்ற இடத்திலேயே வழுக்குகிறது. லேஸை மேல் துளைவரை இறுக்கியதில் கால் உள்ளே நகர்வது நின்றது, அவ்வளவுதான். அடியைக் குறுக்கி இறங்கினால் கொஞ்சம் பலன், ஆனால் தொடை எரிகிறது. படியோரப் புல்லில் இறங்கச் சொல்லாதீர்கள், மண் அரித்துப்போகும்.

சுற்றைத் திருப்பி, ஜேக்கப்ஸ் லேடரில் ஏறி கிரைண்ட்ஸ்லோ நோல் குன்றுப் பக்கம் இறங்க யோசனை. மழை நாளில், 8 மி.மீ. ஷூவுக்கு அந்த இறக்கம் இதைவிடப் பிடிமானமாக இருக்குமா?