விஓஆர் ஊசி 090 என்கிறது, ஜிபிஎஸ் 095 என்கிறது: யாரை நம்புவது?

மேகவண்டி:
வணக்கம். நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கியில் இருக்கிறேன். நானும் ஒரு நண்பரும் பங்கு போட்டு 1975 செஸ்னா 172 ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பேனலைப் பார்த்தால் பழைய சாமான் கடை மாதிரி இருக்கும். மேலே கேஎக்ஸ் 155 என்ற வழிகாட்டி ரேடியோ, அதற்குக் கீழே குமிழைத் திருகினால் எண் சக்கரம் சுற்றும் கேஎக்ஸ் 170பி, அப்புறம் ஒரு ஏடிஎஃப் (ரேடியோ நிலையம் இருக்கும் பக்கத்தை முள்ளால் காட்டும் பழைய கருவி). புதிது என்று சொல்ல மடியில் வைத்துக்கொள்ளும் டேப்லெட்டும் அதற்கான சின்ன ஜிபிஎஸ் ரிசீவரும்தான்.

இரண்டு தொல்லை. ஒன்று, எங்கள் வட்டார விஓஆர் நிலையத்திலிருந்து (விமானங்களுக்குத் திசை சொல்லும் தரை ரேடியோ நிலையம்) கிழக்கே போகும்போது 155-இல் ஓபிஎஸ்ஸை (திசையைத் தேர்ந்தெடுக்கும் குமிழை) 090-இல் வைத்தால் ஊசி நடுவில் நிற்கிறது. அதே இடத்தில் டேப்லெட்டில் நிலையத்திலிருந்து விமானம் வரை கோடு இழுத்தால் காந்தத் திசை 095. 30 கடல் மைல் தள்ளிப் போனால் இந்த 5 டிகிரியே இரண்டரை மைல் பிசகு. இரண்டு, 170பி-யின் ஊசி ஓயாமல் இரண்டு மூன்று புள்ளி தூரம் ஆடுகிறது.

ஒரு ரேடியோ கடையில் கேட்டேன். "எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு பெரிய திரை போடுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நண்பர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. நிஜமாகவே மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வால்காற்று:
திசைகாட்டும் கைரோவைச் சரிபார்த்தீர்களா? அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திருத்தாவிட்டால் 5 டிகிரி எல்லாம் சாதாரணம்.

பழையரேடியோ:
வால்காற்று தம்பி சொல்வது ஏடிஎஃப்-க்குப் பொருந்தும், விஓஆருக்குப் பொருந்தாது. ஏடிஎஃப் முள் நிலையம் மூக்கிலிருந்து எந்தப் பக்கம் என்று காட்டும், அதனால் கைரோ தப்பானால் கணக்கும் தப்பாகும். விஓஆர் ஊசிக்கு மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. நிலையம் அனுப்பும் இரண்டு 30 ஹெர்ட்ஸ் அலைகளின் கட்ட வேறுபாட்டை வைத்து எந்த ரேடியலில் (நிலையத்திலிருந்து கிளம்பும் திசைக்கோட்டில்) இருக்கிறீர்கள் என்று சொல்லும், அவ்வளவுதான். விமானம் வட்டமடித்தாலும் ரேடியல் அதேதான்.

மேகவண்டி, அந்த நிலையத்துக்கான வரியைச் சார்ட் சப்ளிமென்டில் (விமான நிலையங்கள், ரேடியோ நிலையங்களின் அரசு விவரப் புத்தகம்) எடுங்கள். உயரத்துக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு ஓர் எண்ணும் திசையும் இருக்கும். அது என்ன என்று எழுதுங்கள். இன்னொரு கேள்வி: வேறு ரேடியல்களிலும் வித்தியாசம் இதே 5 தானா, எப்போதும் ஜிபிஎஸ் எண்தான் கூடுதலா?

மேகவண்டி:
பார்த்தேன் அண்ணா. 13 டிகிரி கிழக்கு. நேற்று தெற்கே போனேன். ஓபிஎஸ் 180, டேப்லெட் 185. ஒரு டிகிரிகூட மாறவில்லை.

பழையரேடியோ:
அப்படியானால் உங்கள் ரேடியோவில் கோளாறே இல்லை.

பிளஸ் டூ இயற்பியலில் காந்த ஒதுக்கம் படித்திருப்பீர்கள். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே உள்ள கோணம். அது வருடா வருடம் நகர்கிறது. 1960களில் உங்கள் ஊரில் சுமார் 13 டிகிரி கிழக்கு, இன்று சுமார் 8. விஓஆரை நிறுவியபோது அன்றைய காந்த வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள், நீங்கள் புத்தகத்தில் பார்த்த 13 அதுதான். அதை மாற்றினால் அந்த நிலையத்தை நம்பியிருக்கும் வான்வழிகள், இறங்கும் முறைகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதனால் வித்தியாசம் கணிசமாகும் வரை தொடவே மாட்டார்கள். உங்கள் டேப்லெட்டோ இன்றைய ஒதுக்கத்தை எடுத்துக்கொண்டு கோடு இழுக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடியல் 090-உடன் 13-ஐக் கூட்டினால் உண்மைத் திசை 103. அதிலிருந்து இன்றைய 8-ஐக் கழித்தால் 095. உங்கள் 5 டிகிரி அங்கேதான் இருக்கிறது. ரிசீவர் கெட்டிருந்தால் பிழை எல்லாப் பக்கமும் இவ்வளவு ஒழுங்காக வராது.

வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி இருக்கும் திசை வட்டமும் அந்த 13-ஐ வைத்து வரைந்ததுதான். ரேடியல் வேண்டுமென்றால் அந்த வட்டத்தில் அளந்து எடுங்கள், டேப்லெட் கோட்டில் எடுக்காதீர்கள்.

170பி விஷயம் வேறு. அது எந்த ஆர்பிஎம்மில் ஆடுகிறது?

மேகவண்டி:
அடடா, இதற்கா பேனலையே பிரிக்கச் சொன்னார்கள்! க்ரூஸில் 2450. வேறு ஆர்பிஎம்மில் கவனித்ததில்லை.

டெக்சாஸ்குருவி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் விமானத்தில் 90களின் பேனல் ஜிபிஎஸ் ஒன்று இருக்கிறது. இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் நிற்கிறது. இதுவும் இந்த மாதிரி ஏதாவதா?

பழையரேடியோ:
குருவி, அது வாரக் கணக்கு. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் சுற்றியது. பழைய மென்பொருளுக்கு அது புரியவில்லை. தேதியை நம்பாதீர்கள், டேட்டாபேஸ் காலாவதியை நீங்களே காலண்டரில் பாருங்கள்.

மேகவண்டி, ஆர்பிஎம்மை 2300-க்கு இறக்கிப் பாருங்கள். சில ஆர்பிஎம்களில் ப்ரொப்பெல்லர் சிக்னலை அறுத்து அறுத்து விடும். ஊசி 6 டிகிரி வரைகூட ஆடலாம் என்று விமானிகளுக்கான அரசுக் கையேட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் மாற்றினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ரேடியோவை ட்ரேயிலிருந்து கழற்றி, பின்பக்க இணைப்புகளைப் பார்த்துத் திரும்பச் செருகுங்கள். முகப்புப் பேனலில் ட்ரேயில் உட்காரும் நாவ்-காம் ரேடியோவை (வழிகாட்டலும் பேச்சும் சேர்ந்தது) உரிமையாளரான விமானியே கழற்றிப் போடலாம், அமெரிக்க விமான விதி 43 பின்னிணைப்பு ஏ-யில் உண்டு. ட்ரான்ஸ்பான்டருக்கு (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) அந்தச் சலுகை கிடையாது, அதில் கை வைக்காதீர்கள். லாக் புத்தகத்தில் எழுத மறக்க வேண்டாம்.

மேகவண்டி:
2300-இல் ஆட்டம் பாதியாகக் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. சனிக்கிழமை ஆலன் கீயோடு உட்கார்ந்தேன். ட்ரேயின் பின்னால் ஆன்டெனா இணைப்பில் பச்சை பூத்திருந்தது. மெக்கானிக் அந்த முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டுக் கொடுத்தார். பில் 85 டாலர். நேற்று 2450-இலேயே பறந்தேன், ஊசி அரைப் புள்ளிகூட நகரவில்லை. ஒரே நிலையத்தை இரண்டு ரேடியோவிலும் வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் 2 டிகிரி.

பழையரேடியோ:
4-க்குள் இருந்தால் போதும். ஐஎஃப்ஆர் (கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விதிமுறை) போவதென்றால் 30 நாளுக்கு ஒருமுறை இதைச் செய்து, தேதி, இடம், பிழை எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விஓடி (விஓஆர் ரிசீவரைச் சோதிக்கும் சிக்னல்) இருக்கும் விமான நிலையத்துக்குப் போனால் "செஸ்னா 182" என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: ஓபிஎஸ் 180, கொடி "டு" (நிலையத்தை நோக்கி) என்று காட்ட வேண்டும்.

விஓஆரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். 896 நிலையங்களைச் சுமார் 590-ஆகக் குறைத்தாலும், மிச்சத்தை வைத்திருப்பதே ஜிபிஎஸ் போனால் இறங்க வழி வேண்டும் என்றுதான். உங்கள் பக்கம் ஒயிட் சாண்ட்ஸ் ராணுவச் சோதனைக்காக ஜிபிஎஸ் தடைபடலாம் என்று நோட்டம் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) வருவது உங்களுக்கே தெரியும். ஏடிஎஃப்-ஐ வேண்டுமானால் எடுத்துவிடலாம். எடுத்தால் எடைக் கணக்கைத் திருத்துங்கள்.

மேகவண்டி:
ரொம்ப நன்றி அண்ணா. ஏடிஎஃப் பற்றி நண்பரிடம் சொன்னேன். அதில்தான் ஏஎம் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்கிறாராம், தொடக்கூடாது என்று விட்டார்.